நான்கு நிமிடம் ஒரே கூண்டில்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையைக் கோபத்தில் எழுதுகிறேன். கோபம் என் தங்கை ஜெயப்பிரியா மீது. அவள் கொண்டுவந்த நீல லவ் பேர்ட் எங்கள் நெல் மூட்டை அறையில் இருக்கிறது. என் மனைவி சசிரேகா நான்கு வருடமாக வளர்க்கும் மூன்று பறவைகள் கூடத்தில் இருக்கின்றன. அவற்றில் மஞ்சள் நிறத்தது இன்று காலையிலிருந்து இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருக்கிறது. தினையைத் தொடவில்லை. மூச்சு விடும்போது வால் ஏறி இறங்குகிறது.

காஞ்சிபுரத்தில் பறவை பார்க்கும் டாக்டருக்கு சசிரேகா போன் செய்தாள். ஒரு நாய்க்குத் தையல் போட்டுக்கொண்டிருக்கிறார், அரை மணியில் கூப்பிடுவார் என்றார்கள்.

அந்த அரை மணி நேரத்தில் ஒரு மனிதன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நான் அதைச் செய்யாமல் இதை எழுதுகிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "உத்திரமேரூரை அடுத்த ஒரு சிற்றூரில், கம்பிகளுக்குப் பின்னால் சிறைப்பட்ட —"

[வேண்டாம். கூண்டு என்றதும் விடுதலையைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் வாசகரே, தயவுசெய்து நிறுத்துங்கள். புதுப் பறவையைப் புது மருமகள் என்று படிக்கப் போகிறவரும் நிறுத்துங்கள். இது பறவை. இதற்கு நோய் வரும், வந்தால் மற்றதற்கு ஒட்டும்.]

இரண்டாவது தொடக்கம் சசிரேகாவைப் பற்றியது. இந்த வீட்டில் புத்தகம் படிப்பவன், கதை எழுதுபவன் நான். ஆனால் பறவைகள் இருக்கும் வீட்டில் இன்னொரு பறவையை எப்படிச் சேர்ப்பது என்று அவளுக்குத்தான் தெரியும். முப்பது நாள் வேறு அறை, சாத்திய கதவு. தீனி முதலில் பழைய பறவைகளுக்கு, கடைசியில் புதியதற்கு. பிறகு சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் மாறக் கூடாது. முப்பது நாள் நல்லபடியாகக் கழிந்தால் கூண்டுகளைச் சற்றுத் தள்ளி வைத்து ஒன்றையொன்று பார்க்க விட வேண்டும். அதன் பிறகுதான், பக்கத்தில் ஆள் இருக்கும்போது, ஒன்றாக விடுவது. நெல் அறைக்குள் போக என் பழைய சட்டை ஒன்றைத் தனியாக ஆணியில் மாட்டி வைத்திருந்தாள்.

3

ஜெயப்பிரியா மாகறலிலிருந்து கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு வந்தவள். வரும்போதே அட்டைப் பெட்டியில் பறவையோடு வந்தாள். மறுநாள் காலை நெல் அறையை எட்டிப் பார்த்தாள்.

"இன்னா அண்ணி, ஆசையா எடுத்தாந்தத இங்க பூட்டி வச்சிக்கிறீங்க?"

"பூட்டலமா. முப்பது நாள் போவட்டும், அப்புறம் சேத்துடுவேன்."

"ஏன், என் வூட்லேந்து வந்தா நோவோட தான் வருமா?"

"உன் வூடுன்னு இல்ல. எங்கேந்து வந்தாலும் அப்டிதான்."

"அப்ப அடுத்த தபா நான் வந்தா மூட்ட மேலதான் படுத்துக்கினு கெடக்கணுமா? எனக்கும் தனித் தட்டா?"

சசிரேகா சிரித்தாள். ஜெயப்பிரியா சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.*

* என் மௌனத்தை இந்த ஊரில் பெருந்தன்மை என்கிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடவு நட வந்தவர்களுக்குப் புழக்கடைச் சுவரில் தனித் தம்ளர் கவிழ்த்து வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. அதைப் பார்த்துத்தான் நானும் தங்கையும் வளர்ந்தோம். அப்போது எங்களில் யாருக்கும் சுருக்கென்று தைக்கவில்லை. ஒரு பறவைக்குத் தனிக் கிண்ணம் வைத்ததும் மானம் போய்விட்டது.

4

பதினோராம் நாள் நீலம் கூடத்துக் கூண்டுக்குள் இருந்தது. சசிரேகாவுக்கு இது தெரியாது. அது எப்படி உள்ளே போனது என்று கதை சொல்லியாக வேண்டும்.

காற்றில் கதவு திறந்துகொண்டது. [அது மேலே தூக்கித் திறக்கும் கதவு. காற்று தூக்காது.]

ஒரு பூனை வந்து — [பூனை வந்திருந்தால் பறவை மிஞ்சியிருக்காது.]

தங்கையின் கணவர் மோகன்குமார் அவசரக்காரர். அன்று அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது — [பாவம், அவர் இங்கே வந்தே ஒரு வருடமாகிறது.]

5

நான்தான்.

அன்று காலை குடும்ப வாட்ஸ்அப்பில் ஜெயப்பிரியாவின் குரல் வந்தது. "இன்னாண்ணா, என் பறவைக்கு ஜாமீன் கெடச்சிதா இல்லியா?" கீழே வரிசையாகச் சிரிப்புப் படங்கள். தாமலில் இருக்கும் சித்தப்பா, "அண்ணிகாரி நீதிமன்றம் ரொம்பக் கறார்" என்று எழுதினார். சசிரேகா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நீலத்தை எடுத்து வந்து கூடத்துக் கூண்டுக்குள் விட்டேன். நேராகப் போய் மஞ்சளின் கிண்ணத்தில் தண்ணீர் குடித்தது. போட்டோ எடுத்தேன். தங்கைக்கு மட்டும் அனுப்பினேன்: "ஒண்ணாதான் கீது, பாரு."

"இப்பதான் மனசு ஆறிச்சிண்ணா" என்று பதில் வந்தது.

நான்கு நிமிடம் இருக்கும். திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு, சோப்பு போட்டுக் கை கழுவினேன். கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

கோபம் தங்கை மீது என்று எழுதினேன் அல்லவா? அவள் கேட்டது ஒரு கேலி. கதவைத் தூக்கியது என் விரல். மூன்று பொய்களை எழுதி அடித்த பிறகுதான் 'நான்' என்ற சொல்லை எழுதுகிறவனை என்னவென்று சொல்வது?

6

டாக்டர் கூப்பிட்டுவிட்டார். கூடத்தில் ஸ்பீக்கரில் கேட்கிறது.

"புதுசா பறவை ஏதாச்சும் வந்துதாம்மா?"

"வந்துது சார். பதினஞ்சி நாளாவுது. தனி ரூம்ல கீது."

"ஒரு தடவையாவது ஒண்ணா விட்டீங்களா? விட்டிருந்தா எல்லாத்துக்கும் இன்னிக்கே மருந்து ஆரம்பிக்கணும். இல்லேன்னா இதுக்கு மட்டும் சூடு குடுத்து ரெண்டு நாள் பாக்கலாம்."

"இல்ல சார். ஒரு தபா கூட வுடல. தண்ணிக் கிண்ணம் கூட வேற."

"நல்ல காரியம் பண்ணீங்க. யாரும் இப்டி செய்யறதில்ல."

அவள் குரலில் பெருமை இருக்கிறது. என் பொய்யை அவள் வாய், உண்மை என்று நம்பிச் சொல்கிறது.

7

வழக்கமாக இந்த இடத்தில் இரண்டு மூன்று முடிவுகளைக் கொடுத்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். மஞ்சள் பிழைக்கிறது, யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மஞ்சள் சாகிறது, சசிரேகா தன் கவனக்குறைவு என்று அழுகிறாள். மூன்றும் சாகின்றன, நீலம் மட்டும் —

[எல்லா முடிவிலும் நான் தப்பித்துக்கொள்கிறேன். கவனித்தீர்களா?]

டாக்டர் இன்னும் போனில்தான் இருக்கிறார். எத்தனை வாட் பல்பு போடலாம் என்று சசிரேகா கேட்டுக்கொண்டிருக்கிறாள். நடுவில் வெறும் கதவுதான். எழுந்துவிட்டேன் என்று எழுதலாம். அதை எழுதக்கூட உட்கார்ந்துதான் இருக்க வேண்டும். ஆகவே முடிவை என்னிடம் கேட்காதீர்கள். இதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தால், நான் போகவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.