வட்டம் சுற்றும் வரை

மணி ஒன்றே முக்கால். பழைய அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவசரத்தில் எழுத்தெல்லாம் கோழி கிளறியது போல இருக்கிறது. யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். ஆள் இல்லை, அதனால் நோட்டு.

நான் பொய் சொல்லிவிட்டேன். கட்டட வரைபடப் பயிற்சிக்குத் தேர்வு வைத்து இருபது பேரை எடுத்தார்கள். அந்தப் பட்டியலில் என் பெயர் இல்லை. இருக்கிறது என்று அப்பா நம்பிக்கொண்டிருக்கிறார். விடிந்தால் திங்கட்கிழமை, வகுப்பு தொடங்குகிற நாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எங்கேயோ இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று போன் வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு போனார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. ஏழு மணிக்குத்தான் வருவாள். வீட்டில் நானும் சோப்பு டப்பாவும் மட்டும்.

சோப்பு டப்பா என்பது எங்கள் கம்ப்யூட்டர். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். எனக்கு ஒன்பது வயதில் ஒரு அலுவலகத்தைக் காலி செய்தபோது சல்லிசாகக் கிடைத்தது என்று அப்பா மதிய சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர்னு சொன்னீங்க, மீதி எப்ப வரும்?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் முழுக்க அதற்கு ஒரு பழைய திரையும் கீபோர்டும் மாட்டி ஓடவைப்பதுதான் வேலை. திரையில் ஓரமாக ஒரு ஊதாக் கோடு ஓடும். கீபோர்டில் ஒரு எழுத்து அழிந்திருக்கும். அப்பா ஆள்காட்டி விரலால், மரங்கொத்தி மாதிரி, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். கம்ப்யூட்டருக்கு ஒரு பெயர் வை என்று திரை கேட்டது. "நீயே வைடி வாண்டு" என்றார். சோப்பு டப்பா என்று வைத்தேன். எல்லாம் முடிந்ததும், முன்பல் இரண்டும் இல்லாத வாயோடு நான் அந்த டப்பாவைத் தூக்கிப் பிடித்திருக்கிற படத்தை எடுத்து முகப்பில் போட்டார். எட்டு வருஷமாக அந்தப் படம் மாறவே இல்லை. திட்டுவேன், மாற்ற மாட்டார்.

ஒரே குறை, எழுந்திருக்கவே நாலு நிமிஷம் எடுக்கும். கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். நாங்கள் இரண்டு பேரும் முக்காலிகளில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்போம்.

வந்த வாரத்திலேயே அப்பாவின் டார்ச்சை நான் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டேன். சொல்லப் பயந்து இரண்டு நாள் ஒளித்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போது வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்பா கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், "இரு, இது மொதல்ல வரட்டும். வந்ததும் திட்டுறேன்" என்றார். அது வருவதற்குள் அவருக்குக் கோபம் ஆறிவிட்டது. "என்னமோ திட்டணும்னு இருந்தேனே" என்று தலையைச் சொறிந்தார்.

அதிலிருந்து அது வீட்டுச் சட்டம். வட்டம் சுற்றும்போது எதை வேண்டுமானாலும் சொல்லலாம்; திட்டக் கூடாது. நான் பக்கத்து வீட்டு சைக்கிளின் மணியைக் கழற்றியதைச் சொன்னேன். கணக்கில் பதினோரு மார்க் வாங்கியதைச் சொன்னேன். அப்பாவும் சொல்வார். ஒருநாள் அவரே லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் "யாராவது இருக்கீங்களா" என்று கத்தினாராம். வாட்ச்மேன் வந்து, "என்ன சார், ஊசி போடுற டாக்டரே ஊசிக்கு அழுறீங்க" என்று சிரித்தாராம். "உங்கம்மாகிட்ட மூச்சு விட்டுடாதே" என்றார்.

போன வியாழக்கிழமை பட்டியல் வெளியானது. மேலிருந்து கீழே பார்த்தேன், கீழிருந்து மேலே பார்த்தேன். இல்லை. அந்த நேரம் பார்த்து அப்பா போன் செய்தார்.

"வந்துடுச்சா வாண்டு? பேரு இருக்கா?"

"ம்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அது. அடுத்த நொடியே அந்தப் பக்கம் யாரையோ கூப்பிட்டு, "டேய், என் பொண்ணுக்குக் கெடச்சுடுச்சுடா!" என்று அவர் கத்தியது கேட்டது. அதற்குப் பிறகு எப்படி மாற்றிச் சொல்வது?

சனிக்கிழமை இரண்டு சின்ன அட்டைப் பெட்டிகளோடு வந்தார். ஒன்றில் டப்பாவுக்குப் புது மெமரி, ராம் என்பார்கள். இன்னொன்றில் சூயிங்கம் பட்டை மாதிரி மெல்லிசாக ஒரு எஸ்எஸ்டி, வேகமான புது டிஸ்க். "வீடு, மாடி, படிக்கட்டெல்லாம் வரையணும்ல? நம்ம டப்பா தாங்காது. இதப் போட்டா பறக்கும்னு கடைக்காரன் சொன்னான்."

டப்பாவைக் கவிழ்த்தோம். அடியில் இருந்த ரப்பர் கால்களைக் கத்தி முனையால் நெம்பினால் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு திருகாணி. மூடியைத் திறந்ததும் எட்டு வருஷத் தூசி பஞ்சுப் பொதி போல வந்தது. "நீயே போடு, இனி உன் மிஷின்" என்று அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உடம்பில் மின்சாரம் இருந்தால் இறங்கட்டும் என்று தண்ணீர்க் குழாயைத் தொட்டுவிட்டு வந்து பழைய ராமைக் கழற்றினேன். புதியதைச் சாய்த்துச் செருகி அழுத்தினேன். இரண்டு பக்கமும் டக் என்று பிடித்தது. எஸ்எஸ்டியை அதன் இடத்தில் வைத்து ஒற்றைத் திருகாணியை முடுக்கினேன். பழைய டிஸ்க் பக்கத்திலேயே இருந்தது.

"இத எடுத்துடவாப்பா?"

"கெடந்துட்டுப் போவுது விடு. அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கு, உனக்கு என்ன?"

முதல் தடவை போட்டதும் திரை ஒரு நிமிஷம் கறுப்பாகவே நின்றது. கெட்டுப்போயிருந்தால் நல்லது என்றும் ஒரு மனசு நினைத்தது. கெடவில்லை. புது ராமை அது பழகிக்கொள்ள எடுத்த நேரம்தான் அது. கீபோர்டில் எஃப் ஏழு என்ற பொத்தானை அழுத்தியதும் இரண்டு டிஸ்கின் பெயரும் வந்தது. எதிலிருந்து எழுந்திருக்க வேண்டும் என்று கேட்டது. எல்லாவற்றையும் புதியதில் ஏற்றி முடித்து, அணைத்துவிட்டு மறுபடி போட்டோம்.

ஒன்பது வினாடி. அப்பா வாட்சில் எண்ணினார்.

"அட! கொட்டாவி விடக்கூட நேரம் குடுக்க மாட்டேங்குதே!" என்று சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்றைக்கு எப்படியும் வட்டத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் அத்தனை நேரமும் நினைத்துக்கொண்டிருந்தேன். வட்டத்தை என் கையாலேயே திருகாணி போட்டு மூடிவிட்டேன். நேற்று நாலு தடவை முயன்றேன். ஒன்பது வினாடிக்குள் "அப்பா" என்பதைத் தாண்டவே முடியவில்லை.

வாசலில் வண்டிச் சத்தம். வந்துவிட்டார்.

*

மணி மூன்று. விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

அவர் சாவியைத் தேடுகிற சத்தம் கேட்டதும் ஓடிப்போய் டப்பாவின் பொத்தானை அழுத்தி, எஃப் ஏழைத் தட்டினேன். இரண்டு பெயர் வந்தது. கீழே இருந்த பழையதைத் தேர்ந்தெடுத்தேன். கரகரவென்று பழைய டிஸ்க் சுற்ற ஆரம்பித்தது. இரண்டு நாளாகக் கேட்காத சத்தம்.

அப்பா உள்ளே வந்தார். சட்டை முழுக்க கிரீஸ்.

"தூங்கலியா? அஞ்சு பேரு உள்ள. ஒருத்தரு பயத்துல பாட ஆரம்பிச்சுட்டாரு, மத்த நாலு பேரும் மொதல்ல அவர வெளிய எடுங்கன்றாங்க." சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தார். "என்ன இது? புதுசு போட்டும் நொண்டுது?"

"பழசுலேர்ந்து போட்டிருக்கேன்பா."

என் முகத்தைப் பார்த்தார், வட்டத்தைப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி. சொல்லு."

"பட்டியல்ல என் பேரு இல்லப்பா."

வட்டம் சுற்றியது. கையில் இருந்த கிரீஸை அவர் துணியில் துடைத்தார், துடைத்த விரலையே மறுபடி மறுபடி துடைத்தார்.

"எப்பத் தெரியும்?"

"நீங்க போன் பண்ணப்பவே."

"அப்ப ஏன் 'ம்'னு சொன்ன?"

"தெரியலப்பா. நீங்க ரொம்ப ஆசையா கேட்டீங்க."

"நான் ஊரு பூரா சொல்லிட்டேனேடி." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "இன்னைக்கு மாட்டுனவங்ககிட்டகூட, பேச்சு குடுக்கணுமேன்னு, உன்னப் பத்தித்தான் சொல்லிட்டிருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. புள்ளிகள் கலங்கி ஒரே வெள்ளை வளையமாகத் தெரிந்தன. "மூணு மார்க்குல போச்சுப்பா" என்றேன். "அடுத்த வருஷம் மறுபடி எழுதலாமாம்."

வட்டம் நின்றது. திரை வெளுத்தது. பொக்கை வாயோடு, டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒன்பது வயசு நான் வந்து நின்றேன்.

சட்டப்படி இனி அவர் திட்டலாம். நான் தலையைக் குனிந்து, காதைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் அந்தப் படத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். மூச்சை இழுத்தார். இதோ என்று நினைத்தேன்.

கையை நீட்டி டப்பாவை அணைத்தார். மறுபடி போட்டார். ஒற்றை விரலால் டக் டக் டக்கென்று எஃப் ஏழைக் கொத்தினார். கரகர.

"திட்டலியாப்பா?"

"திட்டுவேன். விட்டுடுவேன்னு நெனைக்காதே." வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அப்பா முக்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டார். "ஏழு மணிக்கு உங்கம்மா வருவா. அவகிட்ட வட்டமும் கெடையாது சதுரமும் கெடையாது. நாலு நிமிஷம் இருக்கு. என்ன சொல்றதுன்னு யோசி, நானும் யோசிக்கிறேன்."