பொதுக் கோப்புறையில் ஒரு நகல்

முதலாளியம்மா அந்தப் பெட்டியை மேசைமேல் வைத்தார். கைக்கு அடக்கமான அட்டைப்பெட்டி. மூடி நாலு மடலாக விரியும். அவருடைய கம்பெனி இன்னும் வெளியே விடாத வடிவம். ஆனால் பெட்டியின் அடியில் இருந்தது போட்டிக் கம்பெனியின் முத்திரை.

"இதுக்கென்ன கால் முளைச்சா போச்சு?" என்றார். "சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஒரு பேர் வேணும். அந்த ஆளு நாளைக்கு இங்க இருக்கக் கூடாது."

சர்வர்காரன் தலையாட்டினான். அலுவலகத்தின் எல்லா வரைபடங்களும் அவன் பார்த்துக்கொள்ளும் ஒரே சர்வரில் இருந்தன. மனைவி இறந்த பிறகு அவன் பேச்சு குறைந்துவிட்டது. பெரும்பாலான கேள்விகளுக்குத் தலையாட்டலே போதுமாக இருந்தது.

இடத்துக்கு வந்து தேடினான். வடிவமைப்பாளர்களின் கோப்புறையில் மட்டும் இருக்க வேண்டிய வரைபடம். அதன் நகல் ஒன்று பொதுக் கோப்புறையில் கிடந்தது. வரவேற்பறையில் உட்காரும் எவரும் திறக்கலாம். உரிமையாளர் என்ற இடத்தைப் பார்த்தான். மச்சானின் பெயர்.

மனைவியின் தம்பி. அங்கேதான் வரைபடம் போடுகிறான். நெட்டையாக, ஒல்லியாக இருந்ததால் அக்கா வைத்த பட்டம் ஒட்டடைக்குச்சி. அலுவலகத்தில் அது ஒட்டடையாகச் சுருங்கிவிட்டது. அவள் போன பிறகு அவள் பக்கத்திலிருந்து வீட்டுக்கு வந்துபோகிற ஒரே ஆள். ஞாயிறு தவறாமல் வருவான். தானே பாத்திரம் கழுவிவிட்டுப் போவான்.

சந்தேகம் வந்துவிட்டால் கயிறெல்லாம் பாம்புதான். ஒட்டடை போன் வந்தால் மாடிப்படிக்குப் போய்ப் பேசுகிறான். யாராவது பின்னால் வந்தால் திரையை மாற்றிவிடுகிறான். ஏன்?

தண்ணீர்க் குழாயருகே அவனைப் பிடித்தான்.

"அந்த மடல் பெட்டி வரைபடத்தைப் பொதுவுல போட்டியா?"

"நானா? எதுக்கு மாமா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"சர்வரைக் காவல் காக்குறது நீங்க. என்னைப் போய்க் கேக்குறீங்க. வேலிக்கு ஓணான் சாட்சியா?" சிரித்தான். சர்வர்காரன் சிரிக்கவில்லை. ஒட்டடையின் சிரிப்பும் பாதியில் நின்றது. "என்ன மாமா, நெஜமாவே கேக்குறீங்களா?"

சர்வர்காரன் இடத்துக்குத் திரும்பி வந்து, ஒட்டடையின் சொந்தக் கோப்புறையைத் திறந்தான். சர்வர்காரனுக்குப் பூட்டு கிடையாது. உள்ளே 'அக்கா' என்று ஒன்று. அதில் படங்கள். முதல் படத்தில் அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த படத்துக்குப் போக அவன் கை வரவில்லை. பழக்கதோஷத்தில் கண் மட்டும் உரிமையாளர் பெயருக்குப் போனது. கணக்காளர் பெயர்.

கணக்காளருக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம்? அவர் இவளைப் பார்த்ததுகூட இல்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சமீபத்தில்தான் அந்த சர்வரை அலுவலகத்தின் டொமைனில், அதாவது எல்லாருடைய பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் அமைப்பில், உறுப்பினராகச் சேர்த்திருந்தான். இனி ஒருவருக்கு ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் உள்ளே நுழையலாம். ஆனால் சர்வர் கோப்பின்மேல் பெயரை எழுதுவதில்லை, எண்ணைத்தான் எழுதும். வருகிற ஒவ்வொருவருக்கும் வந்த வரிசையில் ஒரு எண். இடையில் சர்வரின் கடிகாரம் பிசகியதால் டொமைன் அதை ஏற்க மறுத்தது. அவன் வெளியே எடுத்து மறுபடி சேர்த்தான். சேர்க்கும்போது பழையதைத் துடைத்துவிட்டுச் செய்தால் சுத்தம் என்று எண்ணியவன், யாருக்கு எந்த எண் என்ற கணக்கையும் சேர்த்தே துடைத்துவிட்டான். மறுநாள் ஆட்கள் வேறு வரிசையில் வந்தார்கள். கோப்புகளில் எண் பழையபடியே இருந்தது. எண்ணுக்கு ஆள் மாறிவிட்டார். ஃபைல் திறக்கவில்லை என்று வந்து நின்றவர்களுக்கு, காரணம் பார்க்காமல் அனுமதியைத் தளர்த்திக் கொடுத்ததும் அவன்தான்.

அந்த நகலில் இருந்த எண் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடினான். ஒரே ஒரு கோப்புறையில்தான் குவிந்து கிடந்தது.

முதலாளியம்மாவின் அறைக்குப் போனான்.

"பேர் கிடைச்சுதா?"

"மேடம், இந்த வரைபடத்தைப் பொது ஃபோல்டர்ல போட்டு யாருக்காவது காட்டினீங்களா?"

"என்னையா கேக்குறீங்க?"

எண்கள் ஆள் மாறிய கதையைச் சொன்னான். அவர் நாற்காலியில் சாய்ந்து அவனையே பார்த்தார்.

"ஆக, சர்வர்ல இருக்குறது உங்க மச்சான் பேரு. அது பொய்னு சொல்றது நீங்க. அந்த நம்பரை உங்களால மாத்த முடியுமா?"

"முடியும்."

"அப்புறம் எப்படி நம்புறது?"

"என்னை நம்ப வேணாம். உங்க சொந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்க."

திறந்தார். மகனுக்காக எழுதிய பள்ளி விண்ணப்பம், வீட்டு மாடிக்கான வரைபடம், அண்ணனோடு நடந்த சொத்துச் சண்டைக் கடிதம். எல்லாவற்றுக்கும் உரிமையாளர் ஒட்டடை.

"எங்கண்ணனை இவனா திட்டி எழுதினான்?" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "அட்டை சப்ளை பண்றவர் வந்திருந்தார். என் ரூம்ல கரண்ட் இல்ல. கீழ உக்காந்து காட்டினேன். அங்க பொது ஃபோல்டர்தான் சட்டுனு வருது, அதுல ஒண்ணு போட்டேன். நடுவுல போன் வந்து வெளிய போனேன்." குரல் தணிந்தது. "அவர் அந்தப் போட்டிக் கம்பெனிக்கும்தான் அட்டை கொடுக்குறார்."

சர்வர்காரன் எண்களைச் சரிசெய்ய உட்கார்ந்தான். இனி எண்ணை வருகிற வரிசையில் கொடுக்காமல், டொமைனில் ஒவ்வொருவருக்கும் நிலையாக இருக்கும் அடையாளத்திலிருந்தே எடுக்க வேண்டும். பாதி வேலையில் ஒட்டடை வந்து நின்றான்.

"மேடம் என்கிட்ட வந்து மன்னிச்சுக்கோங்குறாங்க. என்ன நடக்குது மாமா?"

எல்லாவற்றையும் சொன்னான். ஒட்டடை கேட்டுக்கொண்டிருந்தான்.

"என் ஃபோல்டரைத் திறந்தீங்களா?"

"திறந்தேன்."

"கேட்டிருந்தா காட்டியிருப்பேனே."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?" அவன் பையைத் தோளில் மாட்டினான். "அக்கா படத்தை நீங்க பாத்தா ஒடஞ்சிடுவீங்கன்னுதான் நீங்க வரப்பல்லாம் மூடி மூடி வச்சேன். ஞாயித்துக்கிழமை வரல மாமா. கொஞ்ச நாள் போகட்டும்."

படியிறங்கும் சத்தம் கேட்டது. சர்வர்காரன் திரையைப் பார்த்தபடி இருந்தான். பிறகு சட்டென்று எழுந்தான்.

"டேய், நில்லு."

கீழ்ப்படியில் ஒட்டடை நின்றான். திரும்பவில்லை.

"என்ன?"

என்ன சொல்வதென்று சர்வர்காரனுக்குத் தெரியவில்லை. ஆனாலும் இறங்கினான்.