ஏழு தட்டுப் புல்

வியாழக்கிழமைத் தட்டின் புல்லை வேரோடு ஒட்டக் கத்தரித்துக்கொண்டிருந்தாள் சுகுமாரி. பாதித் தட்டு முடிந்திருந்தபோது உள்ளறையிலிருந்து மகள் கௌசல்யா கூப்பிட்டாள்.

"அம்மா, சீக்கிரம் வாம்மா. அப்பா ஒரு மாதிரியா இருக்காரு."

கத்தரிக்கோலோடு ஓடினாள். வர்த்தமானனின் கண்கள் மேலே மின்விசிறியில் நிலைத்திருந்தன. மூச்சு ஒன்று வந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. கௌசல்யா அப்பாவின் காதருகே குனிந்து, ஜைனர்கள் கடைசி நேரத்தில் ஓதும் பஞ்ச நமஸ்கார மந்திரத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். மூன்றாவது முறை சொல்லி முடித்தபோது இனி சொல்ல வேண்டியதில்லை என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. சுகுமாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு ஐம்பது. பேருந்து நிலையத்தில் இருபத்து நான்கு வருஷம் டைம் கீப்பராக இருந்தவரின் வீட்டில் அந்தக் கடிகாரம் ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஓடியதில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. இடது கையில் இன்னும் ஒரு பிடி புல் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டிலின் காலடியிலேயே வைத்தாள். அதைப் பார்த்ததும் வந்தது அழுகையல்ல, ஆத்திரம்.

ஐந்து மாதத்துக்கு முன்னால், வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது சென்னையில் பெரிய டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். முற்றவில்லை, ஆபரேஷன் செய்துவிட்டு ஆறு ஊசி போட்டால் போதும், பயப்படாதீர்கள் என்றார். ஏப்ரல் பதினெட்டு என்று தேதியும் குறித்துக் கொடுத்தார். வர்த்தமானன் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "காலைல அஞ்சு நாப்பது வண்டில போனா கரெக்டா இருக்கும்" என்று அங்கேயே பஸ்ஸைத் தீர்மானித்துவிட்டார்.

பதினாறாம் தேதி மாகறலிலிருந்து அவருடைய அண்ணன் தரணேந்திரன் வந்தார். கூடவே ஓர் இயற்கை வைத்தியர். கத்தி பட்டால் கட்டி உடம்பெல்லாம் பரவிவிடும் என்றார்கள். வீட்டுக்குள்ளேயே கோதுமைப் புல் வளர்த்து, அந்தச் சாற்றை வேளைக்கு ஒரு தம்ளராக மூன்று வேளை குடிக்க வேண்டும். இளநீர் சேர்த்துக்கொள்ளலாம். நெருப்பில் வெந்த எதுவும் நாக்கில் படக்கூடாது. நாலு மாதத்தில் கட்டி கரைந்துவிடும் என்று வைத்தியர் அடித்துச் சொன்னார். தகப்பனில்லாத தம்பியைப் படிக்க வைத்தவர் தரணேந்திரன். அண்ணன் எதிரில் உட்கார்ந்துகூடப் பழகாதவர் வர்த்தமானன். "அண்ணனே சொல்றாரு..." என்று இழுத்தார். அஞ்சு நாற்பது வண்டி அவர் இல்லாமலே போயிற்று.

சுகுமாரி தயங்கினாள். அவள் பிறந்த வீட்டில் முளைவிட்ட பயறு சமைக்கமாட்டார்கள். முளையில் உயிர் அதிகம், அதைக் கிள்ளித் தின்பது பாவம் என்று கேட்டே வளர்ந்தவள். தரணேந்திரனிடம் அதைச் சொல்லவும் வழியில்லை. அந்தக் குடும்பத்தில் மூத்தவர் தம்பி மனைவியோடு நேராகப் பேசும் வழக்கமில்லை. அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார், "கௌசல்யா, மருந்துக்கு தோஷம் கெடையாதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

அதோடு கூடம் வயலாகிவிட்டது. ஏழு பிளாஸ்டிக் தட்டுகள் வந்தன. கோதுமையை ஊறவைத்து, துணியில் கட்டி, முளை மூக்கை நீட்டியதும் சலித்த மண்ணின் மேல் நெருக்கமாகப் பரப்ப வேண்டும். இரண்டு நாள் ஈரச் சாக்கு போட்டு மூட வேண்டும். சாக்கை எடுக்கும்போது வெளிறிய மஞ்சளில் நிற்கும். ஜன்னலோரம் வைத்தால் பச்சை ஏறும். ஏழாம் நாள் ஒரு சாண் உயரம். மிக்ஸியின் சூட்டில் சத்து போய்விடுமாம், அம்மியில்தான் அரைக்க வேண்டும். தினம் ஒரு தட்டு அறுப்பு, தினம் ஒரு தட்டு விதைப்பு. மழை நாட்களில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்தபோது ஒவ்வொரு தாளின் அடியையும் விரலால் துடைத்திருக்கிறாள். எந்தத் தட்டு எந்தக் கிழமைக்கு என்று அட்டையில் எழுதி ஒட்டியவர் வர்த்தமானன்தான். பஸ் நேரம் எழுதும் அதே கொட்டை எழுத்து.

அவருக்குப் பசித்தது. அந்த ஒன்றை மட்டும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டில் கிருஷ்ணவேணி தறிக்கு உட்காரும் முன்னால் இட்லி ஊற்றிவிடுவாள். எட்டு மணிக்கு அந்த ஆவி வாசனை ஜன்னல் வழியாக வரும்போது வர்த்தமானன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிறகு அதையும் விட்டுவிட்டு வாய்விட்டே கேட்டார்.

"சுகு, ஒரே ஒரு இட்லி குடேன். அண்ணனுக்குத் தெரிய வேணாம்."

"இன்னும் பத்து நாள் பொறுத்துக்குங்க" என்பாள் அவள். பத்து நாள் போனதும் இன்னும் பத்து நாள். முதலில் பயத்தில்தான் மறுத்தாள். பிறகு அவளுக்கே நம்பிக்கை வந்துவிட்டது. காலையில் நகத்தளவு நின்ற புல் சாயந்திரம் விரலளவு நிற்பதைத் தினமும் பார்க்கிறவளுக்கு, இவ்வளவு வேகமாக வளர்கிற ஒன்று மனிதனைக் கைவிடாது என்று தோன்றிப்போனது. ஆவணியில் அவர் ஒருநாள், "அந்த டாக்டரு இன்னும் அங்கதான் இருப்பாரா?" என்று கேட்டார். அவள் தட்டுக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டாள். கடைசி வாரம் இட்லியும் கேட்கவில்லை, டாக்டரையும் கேட்கவில்லை.

கௌசல்யா தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் எல்லோருக்கும் சொல்லிவிட்டு வந்தாள். கிருஷ்ணவேணி தறியை நிறுத்திவிட்டு வந்து சுகுமாரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். காக்கிச் சட்டை டிரைவர்களும் கண்டக்டர்களும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டிரண்டு பேராக உள்ளே வந்து போனார்கள். கூடத்தில் வர்த்தமானனைக் கிடத்த இடம் போதவில்லை என்று தட்டுகளைச் சுவரோரம் நெருக்கி வைத்தார்கள்.

ஒன்பது மணிக்குத் தரணேந்திரன் வந்தார். தம்பியின் மார்பில் முகத்தை வைத்து அழுதார். நடிப்பில்லை, நிஜமான அழுகைதான். அதைப் பார்த்துச் சுகுமாரிக்கே மனசு கொஞ்சம் இளகியது. அவர் எழுந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூடியிருந்தவர்களைப் பார்த்தார்.

"என் தம்பி சாவலைப்பா. சல்லேகனை எடுத்துக்கினான். அஞ்சு மாசமா சோறு தொடல. யாரால முடியும்?"

சல்லேகனை என்பது ஜைனர்களில் மிகச் சிலரே எடுக்கும் விரதம். முடிவு நெருங்கிவிட்டதை உணர்ந்தவர், தாமே விரும்பி, கொஞ்சம் கொஞ்சமாக ஆகாரத்தைத் துறந்து உடலை விடுவது. அந்தச் சொல் காதில் விழுந்ததும் கூட்டத்தின் முகமே மாறிப்போயிற்று. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். பெண்கள் வரிசையாக வந்து வர்த்தமானனின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மாகறலிலிருந்து வந்த உறவுக்காரி தில்லையம்மாள் சுகுமாரியின் கையைப் பிடித்து, "நீ குடுத்து வச்சவம்மா" என்றாள். சுகுமாரி கையை உருவிக்கொண்டாள். புருஷனைப் பட்டினி போட்டதற்கு இப்படி ஒரு பெயர் இருக்கிறதா? எலும்பில் தோலைப் போர்த்தியதுபோல் கிடக்கும் அந்தக் காலைத் தொட்டுக் கும்பிடுகிறவர்கள் ஒருத்தராவது அது ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்கக்கூடாதா?

அவளுக்கு நிஜமான சல்லேகனை தெரியும். வந்தவாசிப் பக்கம் அவளுடைய ஊரில், எட்டு வயதில் பார்த்திருக்கிறாள். எண்பது தாண்டிய ஒரு பெண் துறவி. சபை நடுவில் குரு மூன்று தடவை கேட்டார், உனக்குச் சம்மதமா என்று. மூன்று தடவையும் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே தலையசைத்தாள். சிரித்துக்கொண்டே.

தரணேந்திரன் நிறுத்தவில்லை. மடத்துக்குச் சொல்லியனுப்பியாயிற்று என்றார். மாகறலில் நிலத்து முனையில் தம்பி பேரில் ஒரு கல் நடப்போவதாகச் சொன்னார். பிறகு குரலைத் தணித்து, சுவரைப் பார்த்து, "கௌசல்யா, இந்த மீதித் தட்டுங்கள வீணாக்க வேணாம்னு உங்கம்மாகிட்ட சொல்லு. ஐயம்பேட்டைல ஒரு பேஷண்டு இருக்காராம். வைத்தியரு சாயந்திரம் ஆள் அனுப்பறேன்னாரு" என்றார்.

பிணத்துக்கு ஒரு முழம் தள்ளி வெள்ளிக்கிழமைத் தட்டு கிட்டத்தட்ட ஒரு சாண் உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நின்றது. சுகுமாரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்கு அச்சாபீஸ் பரமசிவம் கண்ணீர் அஞ்சலிக்கு மேட்டர் வாங்க வந்தார். மதியத்துக்குள் அடித்து, பஸ் நிலையம் முழுக்க ஒட்டிவிட வேண்டும் என்று டிரைவர்கள் கேட்டிருந்தார்கள். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு, முழங்காலில் ஒரு தாளை வைத்து உட்கார்ந்தார். தரணேந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எழுதிக்கோப்பா. அஞ்சு திங்கள் அன்னம் துறந்து, சல்லேகனை நோற்று, அருகன் திருவடி..."

"அத எழுதாதீங்க."

பெண்கள் பக்கத்திலிருந்து சுகுமாரி எழுந்து நின்றிருந்தாள். தில்லையம்மாள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். கிருஷ்ணவேணி அந்தக் கையை எடுத்துவிட்டாள்.

தரணேந்திரன் சுவரைப் பார்த்தார். "கௌசல்யா, உங்கம்மாவ உள்ள கூட்டிக்கினு போ."

"கௌசல்யாகிட்ட சொல்லாதீங்க, எங்கிட்ட சொல்லுங்க. இருவத்திரெண்டு வருஷமா செவுத்தப் பாத்துதான் பேசறீங்க. நான் இங்க நின்னுக்கினு இருக்கேன்."

வாசலில் நின்ற கண்டக்டர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சல்லேகனைன்னா அவரா கேக்கணும். மூணு தபா கேட்டு, மூணு தபாவும் சரின்னு சொல்லணும்." அவள் குரல் இறங்கவில்லை. "இவரு கேட்டது இட்லி."

சுகுமாரி வர்த்தமானன் கிடந்த பக்கம் திரும்பினாள்.

"தெனம் கேட்டாரு. ஒரே ஒரு இட்லி. டாக்டரு இன்னும் இருப்பாரான்னு கேட்டாரு. நீங்க குடுக்காதன்னீங்க. நானும் குடுக்கல. நானும்தான் குடுக்கல." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, உடனே எடுத்தாள். "பசியில போன மனுஷன விரதத்துல போனாருன்னு ஊரெல்லாம் ஒட்டுவீங்களா? அந்தத் தட்டு ஒண்ணுகூட ஐயம்பேட்டைக்குப் போவக்கூடாது. கிருஷ்ணவேணி, எல்லாத்தையும் எடுத்துக் கோயில் மாட்டுக்குப் போடு."

தரணேந்திரனின் உதடு அசைந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"நல்லதுக்குத்தானேம்மா சொன்னேன்."

"ஆபரேஷனும் நல்லதுக்குத்தான் சொன்னாங்க."

தரணேந்திரன் துண்டை எடுத்து மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். கிருஷ்ணவேணி வெள்ளிக்கிழமைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். டிரைவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பரமசிவம் எழுதிய வரியைப் பென்சிலால் அடித்தார். சங்கடத்தோடு நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப என்னம்மா போடறது?"

"பேரு போடுங்க. டைம் கீப்பர்னு போடுங்க."

"அப்பறம்?"

"வயசு போடுங்க. அதப் பெரிசா போடுங்க."

"எத்தினிம்மா?"

"நாப்பத்தொம்போது."

பரமசிவம் பெயருக்குக் கீழே எழுதிக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள்.

"இன்னும் பெரிசா."

அவர் தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தின் நடுவில் இரண்டு இலக்கங்களையும் பக்கம் நிறைய எழுதினார். பிறகு பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, நாலின் கோடுகளை ஒவ்வொன்றாகத் தடிமனாக்க ஆரம்பித்தார்.