குளிர்ந்த கைக்காரி

சாக்லேட் வேலைக்குக் கை குளிர்ந்திருக்க வேண்டும். சின்னவளுக்கு அது பிறவியிலேயே வாய்த்திருந்தது. சிறு வயதில் யார் கழுத்திலாவது அவள் கை தெரியாமல் பட்டால் துள்ளிக் குதிப்பார்கள். அந்தக் கையை நம்பித்தான் அக்காவும் தங்கையுமாகக் கடையே போட்டார்கள். கல்லாவும் வாயும் அக்காவுடையவை. கை சின்னவளுடையது.

கடையின் கண்ணாடி ஜன்னலை ஒட்டி ஒரு பளிங்கு மேசை. பாகு சேர்த்துப் பிசைந்த சாக்லேட்டைக் கிள்ளி எடுத்து, விரல் நுனியால் தட்டி இதழாக்கி, ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றி அவள் ரோஜா செய்வாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். வேறு யார் தொட்டாலும் அந்தச் சாக்லேட் எண்ணெய் கக்கிக்கொண்டு நெகிழ்ந்துவிடும். அவளிடம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கும்.

அவளுக்கு ஐம்பது வயதாகி, மாதவிலக்கு நிற்கும் காலம் வந்ததும் அதுவும் கேட்பதை நிறுத்தியது.

முதலில் நெஞ்சுக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்தது போலிருக்கும். பிறகு கழுத்து, காது, உச்சந்தலை. சூடு கைக்கு வந்து சேரும்போது இதழின் விளிம்பு பளபளக்கும். அடுத்த நிமிடம் ரோஜா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ளும். வீட்டில் அவள் எல்லா ஜன்னல்களையும் திறந்துபோட்டுத் தூங்கினாள். பள்ளி வேன் ஓட்டும் கணவர் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயுமாக, மலையேறப் புறப்பட்டவர் போலப் பக்கத்தில் படுத்திருந்தார். மனிதர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. குல்லாய் மட்டும் நாளுக்கு நாள் மூக்கை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

சூட்டைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். தன்னைப் பற்றி அவள் மனதில் வைத்திருந்த படமே அந்தக் குளிர்ச்சியைச் சுற்றி வரைந்ததுதான். பதறாதவள், அழுது ஆர்ப்பாட்டம் செய்யாதவள், யாரிடமும் எதையும் கேட்டு நிற்காதவள். இப்போது டப்பா மூடி திறக்கவில்லையென்றால்கூடக் கண் கலங்கியது. உள்ளே வேறு யாரோ சொல்லாமல் கொள்ளாமல், சாமான் செட்டோடு குடிவந்துவிட்டது போலிருந்தது. வந்தவளோடு சண்டை போடுவதா, பேர் என்ன என்று கேட்பதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

ஆறு வயது மூத்த அக்காவிடம் இதற்கெல்லாம் ஒரே பதில்தான். “எல்லாருக்கும் வர்றதுதானேடி. நான் என்ன மருந்தா சாப்பிட்டேன்? பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன், தானா போயிடுச்சு.” பதக்கத்தைத் துடைத்துக் காட்டுகிறவள் போலச் சொல்வாள். ஹார்மோன் என்ற பேச்சை எடுத்தாலே, யாரோ தோழியின் நாத்தனாருக்குத் தெரிந்த ஒருத்தி கதைக்குள் வந்துவிடுவாள். அவளுக்கு மீசை முளைத்தது, புற்றுநோய் வந்தது, புத்தி பேதலித்தது. எப்போதும் இந்த வரிசைதான். மீசைதான் முதலில்.

ஒருநாள் தொங்கிப்போன ரோஜாக்களைப் பார்த்துவிட்டு அக்கா, ரோஜா அச்சுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். உருக்கி ஊற்றினால் போதும், பூ வந்துவிடும். சின்னவள் இனி கவுண்டரில் ஆற அமர உட்காரலாம். அதைத் திட்டிச் சொல்லியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

அந்த மேசையை விட்டுவிட்டால் தன்னிடம் என்ன மிஞ்சும் என்று சின்னவள் யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. மறுநாளே யாரிடமும் சொல்லாமல் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனாள்.

டாக்டரம்மா நிறைய கேட்டார். வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்ததா, காலில் ரத்தம் கட்டியதுண்டா, பிரஷர் எப்படி. பரிசோதனைகளெல்லாம் முடிந்த பிறகு, இந்த ஹார்மோன் மருந்து எல்லோருக்கும் ஆகாது, உங்களுக்குத் தரலாம், ஆனால் வருஷா வருஷம் வந்து காட்ட வேண்டும் என்றார். வாரத்தில் இரண்டு முறை மாற்றி ஒட்டிக்கொள்ள ஒரு பட்டை, கர்ப்பப்பைக்குப் பாதுகாப்பாக ஒரு மாத்திரை. “ஒட்டின அன்னைக்கே பனி பெய்யாதும்மா. சில வாரம் பொறுக்கணும்.”

பட்டை என்றாலும் அது கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய, கண்ணாடி போன்ற ஒரு வட்டம், அவ்வளவுதான். இடுப்புக்குக் கீழே ஒட்டிக்கொண்டு கடைக்கு வந்தபோது காதல் கடிதத்தை ஒளித்து வைத்திருப்பவள் போல உடம்பு கூசியது. இந்த வயதில் ஒரு ரகசியம் கிடைத்ததில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அதைத் தனக்குத்தானேகூட அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது வாரத்தில் அடுப்பு கொஞ்சம் தணிந்திருந்தது. ஆனாலும் ஒரு காலையில், பெட்டிகள் கட்டும் மேசையருகே நின்றிருந்தபோது சூடு திடுமென்று வந்துவிட்டது. அக்கா கல்லாப் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில் சட்டைக்குள் துண்டை விட்டு இடுப்பையும் வயிற்றையும் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு குளியலறைக்குப் போய் முகம் கழுவும்போதுதான் இடுப்பைத் தடவிப் பார்த்தாள். பட்டையைக் காணோம்.

ஓடிவந்து பார்த்தால், அக்கா ஒரு பெட்டியின் மூடியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கடையில் பெட்டிகளைக் கண்ணாடி போன்ற வட்ட ஸ்டிக்கரால்தான் ஒட்டுவார்கள். ஸ்டிக்கரில் கடைப் பெயர்கூட இருக்காது. சாக்லேட் பேசினால் போதும், ஸ்டிக்கர் எதற்குப் பேச வேண்டும் என்பது அக்காவின் கொள்கை. ஒட்டியதை நாலு பக்கமும் தேய்த்துவிடாமல் எந்தப் பெட்டியையும் அவள் கையைவிட்டு அனுப்பியதில்லை.

“இந்த ரோல் சரியில்லடி. ஒண்ணு மேசையில தனியா உரிஞ்சு கிடந்தது. பசையும் கம்மியா இருக்கு” என்று சொல்லிக்கொண்டே பெட்டியை நீட்டினாள்.

வாங்கிக்கொண்டவர் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. சின்னவள் பாய்ந்து போய், பெட்டி மாறிவிட்டது, வேறு தருகிறேன் என்றாள். அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தான் கட்டிய பெட்டி என்றைக்கு மாறியிருக்கிறது என்று பிடித்துக்கொண்டாள். ஆளுக்கொரு முனையாக இருவரும் பெட்டியை இழுக்க, தலைமை ஆசிரியை வாழ்நாள் முழுவதும் விடைத்தாள் திருத்திய பழக்கத்தில் கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூடியின் மேல் குனிந்தார். அந்த வட்டத்தில் எறும்பு ஊர்ந்தாற்போல் எழுத்துகள் இருந்தன. வகுப்பில் வாசிப்பதுபோல், உச்சரிப்புச் சுத்தமாக அவர் வாசித்தார்.

“எஸ்ட்ரா...டையால்.”

“அது என்ன ஃப்ளேவர்?” என்றாள் அக்கா. “நாம அது போடறதே இல்லையே.”

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார். “இதை நான் இடுப்புல ஒட்டிக்கறேன். நீங்க பெட்டியில ஒட்டறீங்க.” இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “யாரோடது?”

யாரோ வாடிக்கையாளர் தவறவிட்டிருப்பார் என்ற பதில் சின்னவளின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அச்சு வந்து இறங்கும், கவுண்டர் நாற்காலி வரும், குளியலறையில் ஒளிந்துகொண்டு ஒட்டுவதும் நடக்கும். தன் சொந்த இடுப்பைத் தானே தெரியாது என்று சொல்ல வேண்டியிருக்கிறதே என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

“என்னோடதுங்க” என்றாள்.

தலைமை ஆசிரியை இதை ஒரு பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. தனக்கு அது ஒத்துக்கொண்டதாகவும், தன் தங்கைக்கு ஒத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டதாகவும், அவளும் நன்றாகத்தான் இருக்கிறாள் என்றும் சொன்னார். பெட்டிக்கு மட்டும் சாதா ஸ்டிக்கராக ஒன்று கேட்டு ஒட்டவைத்துக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் அக்கா சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்து, கடைக்குப் பின்னாலிருந்த குளிர் அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். வாடிக்கையாளர் காதில் விழாமல் திட்ட அதுதான் இடம். விளக்கைக்கூடப் போடவில்லை. இருட்டிலேயே இரண்டடி நகர்ந்து, அடுக்குகளுக்கு நடுவே கவிழ்ந்து கிடந்த பிளாஸ்டிக் கூடையின் மேல் கச்சிதமாக உட்கார்ந்து, புடவைத் தலைப்பைக் கழுத்திலிருந்து தளர்த்திக்கொண்டாள்.

சின்னவள் விளக்கைப் போட்டுவிட்டு, அக்காவை அங்கே அப்படியே பார்த்தாள். சரக்குச் சரிபார்க்க வேண்டுமென்று அக்கா மணிக்கணக்கில் இந்த அறையிலேயே கிடந்த காலம் ஒன்று உண்டு. வேறு யாரையும் உள்ளே விடமாட்டாள். இவளுக்கு அப்போது நாற்பத்து நாலு, நாற்பத்தைந்து வயது. அப்படியென்றால் அக்காவுக்கு ஐம்பது.

“அக்கா, நீ இங்க என்ன பண்ணிட்டிருந்தே அப்பல்லாம்?”

“சரக்குப் பார்த்தேன்.”

“மூணு வருஷமாவா?”

அக்கா மூச்சை இழுத்துவிட்டாள். திட்ட வந்தவளின் முகம் மெல்ல அவிழ்ந்தது. “வெண்ணெய்ப் பெட்டியில கன்னத்தை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்டி. அழுகை வந்தாலும் இங்கயே அழுதுடுவேன். வெளிய வந்தா, அக்காவுக்கு எவ்ளோ பொறுப்புன்னு சொல்வீங்க. நானும் ஆமான்னுடுவேன்.” தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இப்படி ஒட்டிக்கறது ஒண்ணு இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லலையே.”

அந்தக் குரல் சின்னவளுக்குப் புதிது. பக்கத்தில் இன்னொரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். அக்காவின் கன்னத்தில் கையை வைக்கத் தோன்றியது, வைத்தாள். கை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அக்கா தட்டிவிடவில்லை. புற்றுநோய் என்கிறார்களே என்று மட்டும் கேட்டாள். டாக்டரம்மா கேட்டதையும் பார்த்ததையும் சொன்னதையும் சின்னவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். பயமே இல்லையென்று அவள் சொல்லவில்லை. பயத்தோடுதான் ஒட்டிக்கொள்கிறேன் என்றாள்.

“மீசை?”

“இல்லைக்கா.”

அக்காவுக்கு அதில்தான் பாதி நிம்மதி போலிருந்தது. உடனே ஒரு யோசனை சொன்னாள். மருந்து நன்றாகப் பிடிக்கும்வரை மேசையை இந்த அறைக்குள்ளேயே போட்டுவிடலாம், ரோஜாவும் தொங்காது, யாருக்கும் எதுவும் தெரியாது. அவளால் தர முடிந்ததிலேயே பெரிய பரிசு அது என்பது சின்னவளுக்குப் புரிந்தது. அதனால் மறுப்பதும் கஷ்டமாயிருந்தது.

“வேண்டாம்க்கா. நான் வெளியதான் செய்வேன். தொங்கினா தொங்கட்டும்.”

அன்று மாலை அவள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். முதல் ரோஜா நின்றது. இரண்டாவதைச் சுற்றும்போது அடுப்பு மூண்டது. கையைத் தூக்கிவிட்டு, அது வந்து போகும்வரை விருந்தாளிக்குக் காத்திருப்பவள் போலச் சும்மா இருந்தாள். கண்ணாடிக்கு வெளியே நின்ற ஒரு பெண்மணி, இவள் வேர்ப்பதைப் பார்த்துவிட்டுத் தன் கைப்பையால் தனக்கே விசிறிக்கொண்டாள். சூடு இறங்கியதும் கடைசி இதழை ஒட்டி நிமிர்ந்தாள்.

அக்கா வந்து பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “உன் விரல் ரேகை விழுந்திருக்குடி, இதோ பார், வெளி இதழ்ல.”

“விழட்டும்” என்றாள் சின்னவள். “அச்சுல விழாது.”

அக்கா பூவை ஜன்னலின் முன்வரிசையில், ரேகை விழுந்த பக்கம் தெருவைப் பார்த்திருக்கும்படி வைத்தாள்.