கொக்கியில் ஒரு டோக்கன்

குளிர்கிடங்கில் எனக்குப் பெயர் கதவு. அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு, அது அடையாள அட்டையோடு சரி. "கதவு, சாப்டாச்சா?", "கதவு இன்னிக்கு லீவா?" என்றுதான் கேட்பார்கள். நானும் திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டேன்.

உள்ளே உயிரை உறைய வைக்கிற குளிர். மீன் பெட்டியும் பட்டாணிப் பெட்டியும் கூரை வரை அடுக்கி நிற்கும். உள்ளே போகிறவன் எவனானாலும் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனைக் கதவோரக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். கொக்கியெல்லாம் காலியானால்தான் நான் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்துவேன். ஒரே ஒரு டோக்கன் தொங்கினாலும் கோட்டை மாட்டிக்கொண்டு நானே உள்ளே போய்த் தேட வேண்டும். எங்கள் வேலையில் கண்ணை நம்ப மாட்டோம், கொக்கியைத்தான் நம்புவோம்.

கதவின் உட்பக்கம் ஒரு பச்சைக் குமிழ் இருக்கிறது. வெளியே சாத்தியிருந்தாலும் அதைத் தள்ளினால் திறந்துகொள்ளும். அதனால் யாரும் உள்ளே மாட்டிக்கொள்ளவே முடியாது என்று சேஃப்டி ஆபீசர் வருஷா வருஷம் வந்து சொல்லிவிட்டுப் போவார்.

இந்த டோக்கனை வைத்துத்தான் என் தங்கை புருஷன் என்னைப் பைத்தியமாக ஆக்கினான்.

அவனுக்கு இங்கே பெயர் ரேடியோ. வாயை மூடவே மாட்டான். பெட்டி அடுக்கும்போதும் பேச்சு, சோறு தின்னும்போதும் பேச்சு. அந்த வாய்க்காகத்தான் அவனை எனக்குப் பிடித்தது, தங்கையைக் கட்டிக் கொடுத்ததும் அதனால்தான். பிறகு குடி வந்தது. முதலில் சாயங்காலம், அப்புறம் மத்தியானம், கடைசியில் பல் விளக்கினானோ இல்லையோ, அது. உள்ளே போகுமுன் கோட்டுப் பைக்குள் கையை விட்டு ஒரு மடக்கு.

"உள்ள போனா குளிரே தெரியாது மச்சான்," என்பான்.

"யோவ் மாப்ள, அது தோலைத்தான்யா சூடாக்கும். உள்ள இருக்கற சூட்டையெல்லாம் உறிஞ்சி வெளிய விட்டுரும்னு ஆபீசர் தலைதலையா அடிச்சிக்கிறாரே, காதுல விழலையா?"

"உள்ளன்னு ஒண்ணு இருந்தாத்தானே மச்சான்," என்று சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

தங்கை அழுதாள், நான் கத்தினேன், மேனேஜர் கடைசி எச்சரிக்கை கொடுத்தார். ஒருவழியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கிருந்த டாக்டரம்மா நல்ல மாதிரி. மாத்திரை கொடுத்து, கை நடுக்கமெல்லாம் அடங்கும்வரை வைத்திருந்து அனுப்பினார். அனுப்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"குடியை நிறுத்தினதோட வேலை முடிஞ்சிடலங்க. மனச்சோர்வு இருக்கறவங்க அதை மறக்கக் குடிப்பாங்க. குடி அதை இன்னும் கூட்டும். ஒண்ணுக்கு ஒண்ணு தீனி போட்டு வளர்க்கும். இப்ப குடி போயிருக்கு. அது போயிருக்கான்னு பார்க்கணும். கண்டிப்பா கூட்டிட்டு வாங்க."

தலையை நன்றாக ஆட்டினேன். வெளியே வந்ததும் தங்கையிடம், "பாட்டில் போயிருச்சு, சனியன் விட்டுச்சு. இனிமே எதுக்கு டாக்டர்?" என்றேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு போகவில்லை.

அவன் வேலைக்குத் திரும்பினான், குடிக்கவில்லை. சத்தியமாக ஒரு சொட்டுத் தொடவில்லை. ஆனால் பேசவும் இல்லை. கேட்டதற்கு "ம்" என்பான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான், வாய்க்குப் போகாது. தங்கை ஒருநாள் என்னை வாசலில் நிறுத்தி மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணா, குடிச்சப்போ திட்டறதுக்காவது ஒரு ஆள் இருந்தாரு. இப்ப வீட்ல ஆளே இல்லண்ணா. நாற்காலில உட்கார்ந்திருக்காரு, ஆனா ஆள் இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

"குடிச்சாலும் அழற, குடிக்கலேன்னாலும் அழற. உனக்கு என்னதான் வேணும்?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

அந்த வாரம்தான் டோக்கன் விவகாரம் ஆரம்பித்தது. வேலை முடிந்து எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். கொக்கியில் மாப்பிள்ளையின் டோக்கன் மட்டும் தொங்குகிறது. கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போய்க் கத்தினேன். காற்றாடிகளின் இரைச்சலைத் தவிர ஒரு சத்தமில்லை. ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே கடைசி வரிசைக்குப் போனேன். அங்கே சுவரோரம், ஆள் உட்காரும் உயரத்தில், மூச்சுப் புகை ஒரு கொத்தாக நின்றது. இப்போதுதான் யாரோ வாயைத் திறந்து விட்டமாதிரி. ஆள் இல்லை. கீழே இருந்த மரப்பலகை முழுக்கப் பனி படிந்திருந்தது, ஒருவன் உட்கார்ந்து எழுந்த அளவுக்கு மட்டும் பனி இல்லை.

வெளியே ஓடிவந்தால் அவன் உடை மாற்றும் அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"டோக்கனை எடுக்க மறந்துட்டியா?"

"மறக்கல மச்சான்."

"அப்புறம் எதுக்குய்யா தொங்குது?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கேலி இல்லை, போதையும் இல்லை. "நான் இன்னும் வெளிய வரலையே," என்றான்.

எனக்கு வந்த கோபத்தில் டோக்கனை அவன் மடியில் விட்டெறிந்தேன். பயந்ததை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். மறுநாளும் தொங்கியது. மறுநாளும் தேடினேன், மூச்சுப் புகையைப் பார்த்தேன், அவன் பெஞ்சில் இருந்தான். அதற்கடுத்த நாளும் அதே கூத்து. மற்றவர்கள், "என்ன கதவு, மாப்பிள்ளையோட கண்ணாமூச்சியா?" என்று கிண்டல் செய்யத் தொடங்கினார்கள். யாரிடமும் அந்தப் புகையைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் நீயும் ஊத்திக்கிட்டியா என்று கேட்பார்கள்.

அன்றைக்கு நல்ல வெயில். மத்தியான இடைவேளைக்கு எல்லோரும் வெளியே வந்தார்கள். கொக்கியைப் பார்த்தேன், அதே டோக்கன். பசி வயிற்றைக் கிள்ளியது. "போய்யா நீயும் உன் டோக்கனும்," என்று அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். விளக்கை அணைத்தேன். கதவைச் சாத்தினேன். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வெளியே டீக்கடையில் நின்றேன். தார்ச் சாலை கொதித்தது, பனியன் உடம்போடு ஒட்டியது. முதல் வாய் உறிஞ்சும்போது நெஞ்சில் ஏதோ சில்லென்று குத்தியது. பையில் கைவிட்டேன். டோக்கனைத் தொட்ட விரல் ஒட்டிக்கொண்டது. பனிக்கட்டியைத் தொட்டால் பிடித்துக்கொள்ளுமே, அப்படி. அந்தக் கொக்கி இருப்பது கதவுக்கு வெளியே. அதில் தொங்குகிற பித்தளைக்குக் குளிர் ஏறாது. ஏறினாலும் அந்த வெயிலில் என் உடம்புச் சூட்டில் எப்போதோ போயிருக்க வேண்டும். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். என் கண்ணெதிரே அதன்மேல் வெள்ளையாகப் பனி பூத்தது.

டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினேன்.

உடை மாற்றும் அறை காலி. பெஞ்சுக்கு அடியில் அவன் செருப்பு ஜோடியாக இருந்தது. "ஐயோ, பாவி," என்று கத்தினேன். அவனைச் சொன்னேனா என்னைச் சொன்னேனா தெரியாது. கதவைத் திறந்து விளக்கைப் போட்டு, கோட்டைக்கூட மாட்டாமல் கடைசி வரிசைக்குப் போனேன்.

சுவரோரம், நான் புகையைப் பார்த்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். கோட்டைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தான். புருவமெல்லாம் வெள்ளை. கண் திறந்திருந்தது. உடம்பு நடுங்கவே இல்லை, அதுதான் என்னைக் கதிகலங்க வைத்தது. வாயருகே குனிந்தேன். மூச்சு வந்தது. ஆனால் புகை வரவில்லை.

அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அவ்வளவு பெரிய ஆள், கனமே இல்லை. போர்வை, ஆம்புலன்ஸ், கூச்சல் எல்லாம் நடந்தது. வண்டியில் அவன் கையை என் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து அழுத்திக்கொண்டு, எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை ஒன்று பாக்கியில்லாமல் அவனைத் திட்டினேன். நிறுத்தினால் அவன் போய்விடுவான் என்று தோன்றியது. பாதி வழியில் அவன் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கின. கூட இருந்த நர்ஸ், "நடுக்கம் வந்துடுச்சு, நல்லதுங்க," என்றாள்.

அதே டாக்டரம்மா வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார், கூட்டிட்டு வாங்க என்று சொன்னதை நினைவுபடுத்தவில்லை. அவனிடம் மட்டும் பொறுமையாகக் கேட்டார், குடிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று. அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அப்பவும் இருந்துச்சுங்க. சும்மா இருந்தா சத்தமா கேக்கும். அதனால பேசிட்டே இருப்பேன். பேச்சு பத்தாம போனப்போ குடிச்சேன். குடிச்சா கொஞ்ச நேரம் அடங்கும், அப்புறம் ரெண்டு மடங்கா வரும்."

எத்தனை வருஷமாக அந்த வாயை ரசித்துச் சிரித்திருக்கிறேன். தங்கை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போனாள். டாக்டரம்மா மருந்தும், வாரா வாரம் உட்கார்ந்து பேச ஒரு ஆளும் ஏற்பாடு செய்கிறேன் என்றார். இந்தத் தடவை நான் தலையாட்டவில்லை. எந்த நாள், எந்த அறை என்று கேட்டு மனப்பாடம் செய்துகொண்டேன்.

எல்லோரும் போனபின் அவன் என் பக்கம் திரும்பினான்.

"மச்சான், ஒண்ணு கேக்கட்டுமா? பச்சைக் குமிழ்கிட்ட வரைக்கும் போனேன். கை தூக்க முடியல, திரும்பிப் போய் உக்காந்துட்டேன். அப்புறம் நினைச்சேன், டோக்கன மாட்டிட்டுத்தானே வந்திருக்கோம், மச்சான் பார்ப்பாருன்னு. அதைப் பார்த்துத்தானே வந்தீங்க?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது.

"பார்த்தேன் மாப்ள. பார்த்துட்டு, கழட்டி பைக்குள்ள போட்டுட்டு, விளக்கையும் அணைச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்."

அவன் கண்ணோரம் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. அவன் அழுது நான் பார்த்ததே இல்லை, குடித்தபோதுகூட.

"நாளைக்கும் அப்படித்தான் இருக்கும் மச்சான்," என்றான். "நாளன்னிக்கும். இது சட்டுனு போகாது. எத்தனை தடவைன்னு நீங்க வருவீங்க?"

"மாட்டுடா," என்றேன். மாப்பிள்ளையை 'டா' போட்டது அன்றைக்குத்தான். "வேலை செய்யற நாளும் மாட்டு, செய்யாத நாளும் மாட்டு. வீட்ல இருந்தாலும் மாட்டு. நான் திட்டிக்கிட்டேதான் வருவேன். ஆனா வருவேன்."