கீழ்க்கரையில் கிடந்தவர்

எங்களை வென்ற நார்மன்காரர்கள், அந்த வெற்றியை எங்கள் விரல்களாலேயே தைக்கவைத்தார்கள். எங்கள் ஊர் கேன்டர்பரியில் நல்ல ஊசிக்காரிகள் இருந்ததுதான் குற்றம்.

ஊர்வலம் போல நீண்ட லினன் துணி. மேலே கம்பளி நூல். உயிரோடு இருப்பவனுக்கு உடையை நிறைத்துத் தைப்போம். துணியின் கீழ்க்கரையில் கிடக்கும் பிணங்களுக்கு வெறும் கோடு மட்டும். ஹேஸ்டிங்ஸ் சண்டை முடிந்ததும் அவர்கள் உடைகளை உரித்துவிட்டார்களே, அதனால்.

பக்கத்தில் உட்காரும் லியோஃப்வாரா அக்காவின் கணவர் வுல்ஃப்மேர் அந்தச் சண்டைக்குப் போனவர். உடல் கிடைக்கவில்லை. புதைக்காதவன் அலைவான் என்பாள். ஒரு குழி, ஒரு ஜெபம். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அவள் பங்குத் துணியில், தைப்பதற்காக வரைந்திருந்த ஒரு பிணம். இடது கையில் சுண்டுவிரல் இல்லை, வுல்ஃப்மேருக்கு இல்லாதது போலவே.

"அவருதான்டி."

"வரைஞ்சவன் மடத்துச் சாமியாரு. உன் புருஷன அவன் எங்க பாத்தான்?"

"பாக்கலையே. அதான் பயமா இருக்கு."

பிணத்துக்குப் பச்சைக் கம்பளியில் மேலங்கி நிறைத்தாள். கண்காணி ஓஸ்பெர்ன் வந்து சிரித்தான். "செத்தவனுக்கு எதுக்குடி சட்டை? குளிருமா?"

"செத்துப் பாத்துட்டு வந்து சொல்லுங்க," என்றேன்.

"வாய்க்கொழுப்பு. நாளைக்குப் பச்சை இருந்தா ரெண்டு பேருக்கும் கஞ்சி கிடையாது."

நாங்கள் பிரிக்கவில்லை. அவனே கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துப்போனான்.

காலையில் பச்சை இல்லை. துணியில் ஊசித் துளைகூட இல்லை. அந்தப் பிணத்துக்குப் பக்கத்தில், செத்தவர்களை உரிக்கிற ஒருவன் குனிந்திருப்பான். நான் தைத்த ஆள்; அவன் கையில் ஒன்றும் இல்லாமல்தான் தைத்தேன். இப்போது அவன் கையில் பச்சை மேலங்கி தொங்கியது. அக்காவின் தையல்.

ஓஸ்பெர்ன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு வெளியே போனான். கஞ்சியைப் பற்றிப் பேசவே இல்லை.

அக்கா கத்திரியால் அந்தப் பச்சையை மட்டும் பிரித்தாள். நூல் ஈரமாக இருந்தது. சேற்று வாடை.

"அழுதுடு அக்கா."

"அப்புறம். மண்வெட்டி எடு."

நூலை மடியில் கட்டிக்கொண்டு நடந்தவள், கல்லறைத் தோட்டத்துக்குள் காலெடுத்து வைத்ததும் மடிப் பாரம் கீழே இழுக்க உட்கார்ந்துவிட்டாள்.

"நூலுக்கா ஜெபம்?" என்றார் பாதிரியார்.

"தூக்கிப் பாருங்க, சாமி."

ஒரு கையால் பார்த்தார். பிறகு இரு கையால். முகம் வெளுத்தது. ஜெபத்தைத் தொடங்கினார்.

ஒரு கைப்பிடி நூல். நாலு பேர் சேர்ந்துதான் குழியில் இறக்கினோம்.