ஏழாவது படத்தின் பொட்டு

"இவங்கள எங்க டீச்சர் கொண்டுபோறாங்க?"

ஆறு படங்களை இறக்கிச் சாப்பாட்டு மேசையில் அடுக்கிய பிறகுதான் செல்லம் கேட்டாள். மலேசியாவின் மூவாரில் சுபத்திராவின் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் வேலைக்கு வருகிறவள்.

"தம்பி மகன் விஜயேந்திரன் நாளைக்கு கார்ல வரான். பழைய படம்னா அவனுக்கு உயிர். எனக்கு இனிமே எதுக்கு?"

"கன்னிமார வீட்ட விட்டு அனுப்பலாமா?"

"எந்தக் கன்னிமார்?"

"ஏழு பொம்பளைங்க. எங்க எஸ்டேட்ல ஏழு கல்லு, இங்க ஏழு படம்."

சுபத்திராவுக்குச் சிரிப்பு வந்தது. மறைந்த கணவர் சிறீகாந்தன் இங்கிலாந்தில் படித்தபோது வாங்கிய அச்சுப் படங்கள் அவை. நானூறு வருடங்களுக்கு முன்னால் ஐரோப்பாவில் யாரோ கலைகள் ஏழையும் ஏழு பெண்களாகச் செப்புத் தகட்டில் கீறியிருந்தார்கள்.

"இவ இலக்கணம். கையில அரம் பாரு, பிள்ளைங்க பேச்சத் தீட்ட. தேள் வெச்சிருக்கறவ தர்க்கம். கவராயம் வெச்சிருக்கறவ வடிவகணிதம். சாமி இல்ல லா, பாடம்."

"பாடம் பொட்ட எடுத்துக்குமா டீச்சர்?"

"என்ன சொல்ற?"

"வெள்ளிக்கிழமை படத்துக் கண்ணாடில குங்குமம் வெக்கிறேன். அடுத்த வெள்ளி வந்தா இருக்காது. லோஷினி சிங்கப்பூர் வேலைக்குப் போயி மூணு வருஷமா போன் இல்ல. பொட்ட எடுத்துக்கிட்டா என் மக உசுரோட இருக்கான்னு வேண்டியிருக்கேன். ஒரு வாரம்கூடத் தவறல."

சுபத்திரா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"செல்லம், சனிக்கிழமை நான்தான் தொடைக்கிறேன். உன் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லல."

செல்லம் மேசையிலிருந்த படங்களை எண்ணினாள். பிறகு, "மாடிப்படில இருக்கறதையுமா?" என்றாள்.

ஏழாவது படம் படித் திருப்பத்தில் இன்னும் தொங்கியது. வானியல். நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நட்சத்திரங்களை நோக்கி ஒரு கையை நீட்டுகிறவள். முகம் தெரியாது. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு சுபத்திரா இரண்டு வருடமாகப் படியேறியதில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை.

"அதுக்கும் வெக்கிறியா?"

"அதுக்குத்தான் மொதல்ல."

"உதிர்ந்திருக்கும்."

"எண்ணெயில கொழச்சு வெக்கிறேன். உதிராது."

செல்லம் ஏறிப்போய்ப் பொட்டு வைத்துவிட்டு இறங்கினாள்.

"நாளைக்கும் வரேன் டீச்சர். பொட்டு இருந்திச்சின்னா அதையும் கொண்டு போகட்டும். நான் இனிமே யாரையும் கேக்கல."

காலையில் செல்லம் வருமுன் சுபத்திரா ஈரத் துணியோடு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பதினோரு படி ஏறினாள். செல்லத்துக்காகப் பொட்டைத் துடைத்து, ஒரு பொய்யைச் செய்து முடிக்கத்தான் ஏறினாள்.

கண்ணாடியில் பொட்டு இல்லை.

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனாள். நட்சத்திரத்தை நோக்கி நீண்ட கையில், சுட்டுவிரல் நுனி மட்டும் சிவந்திருந்தது. துணியால் அழுத்தித் தேய்த்தாள். போகவில்லை. சிவப்பு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

கீழே கேட் சத்தம்.

"டீச்சர், பொட்டு இருக்கா?"

"இல்ல."

செல்லம் படியடியில் வந்து நின்றாள். அவள் பார்வை சுபத்திராவின் கையில் இருந்தது.

"தொடச்சிட்டீங்களா?"

சுபத்திரா துணியைக் கீழே போட்டாள். செல்லம் அதை எடுத்து விரித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். வெள்ளைத் துணி. ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை.

வாசலில் கார் ஹார்ன் அடித்தது.

"விஜயேந்திரன்கிட்ட ஆறுதான்னு சொல்லிட்டு, மேல வா," என்றாள் சுபத்திரா. "எனக்குத் தனியா இங்க நிக்க முடியல."